கொடியில் இருக்கு, மாலைக்குள் எடு

அத்தியாயம் 6

கொடிக்கம்பத்தில் சாய்த்த ஏணியின் கடைசிப் படியில் நின்றபோது, ஒரு கட்சியில் தான் இவ்வளவு உயரத்துக்கு வருவோம் என்று மைக் கனவிலும் நினைத்ததில்லை. கீழே பார்த்தால் தலை சுற்றியது. மேலே பார்த்தால் கொடி மூஞ்சியில் அடித்தது.

"என்ன தெரியுது?" என்று கீழேயிருந்து கேட்டார் முத்திரையம்மா.

"என் எதிர்காலம் தெரியுது மேடம். நேரா தரைக்குப் போகுது."

"கொடியில ஏதாவது இருக்கான்னு கேட்டேன்."

"கொடியில கொடிதான் இருக்கு. ரெண்டு ஓட்டை இருக்கு. ஒரு காக்கா வந்துட்டுப் போன அடையாளம் இருக்கு. பேப்பர் மட்டும் இல்லை."

ஏணியைப் பிடித்துக்கொண்டிருந்த சைக்கிள் கடைக்காரர் பெருமூச்சு விட்டார். ஏணியும் சேர்ந்து ஆடியது. மைக் கம்பத்தை இரண்டு கையாலும் கட்டிக்கொண்டான்.

மைக் என்பது பெற்றவர்கள் வைத்த பெயர் இல்லை. ஆட்டோவின் தலையில் ஒலிபெருக்கி கட்டித் தெருத்தெருவாக அறிவிப்பது அவனுடைய பழைய தொழில். காலையில் ஒரு கட்சியை வாழ வைப்பான், சாப்பிட்டுவிட்டு வந்து அதன் எதிர்க்கட்சியை வாழ வைப்பான். ஒருநாள் துண்டுச்சீட்டு மாறிப்போய், ஒரு வேட்பாளரின் வீட்டு வாசலிலேயே நின்று அவருடைய எதிரிக்கு ஓட்டுக் கேட்டுவிட்டான். தொழில் போயிற்று, பெயர் தங்கிவிட்டது. அதன்பிறகு முத்திரையம்மாவிடம் வந்து ஒட்டிக்கொண்டான்.

முத்திரையம்மா தபால் நிலையத்தில் முப்பத்தியொரு வருடம் கடிதத்துக்கு முத்திரை குத்தி, ஊர்வாரியாகப் பிரித்தவர். மழையில் நனைந்து பாதி முகவரி கரைந்துபோன கடிதத்தைக்கூட உரியவர் கையில் சேர்த்துவிடுவார். ஓய்வு பெற்றபின் கடிதம் வருவது நின்று, சுற்றுவட்டாரத்தில் காணாமல்போனவை எல்லாம் அவரைத் தேடி வர ஆரம்பித்தன. காணாமல்போன கோழி, காணாமல்போன வீட்டுப் பத்திரம், ஒருமுறை காணாமல்போன மாப்பிள்ளை. மூன்றையும் கண்டுபிடித்தார். மாப்பிள்ளை மட்டும் திரும்பி வர மாட்டேன் என்று அடம்பிடித்தார்.

இன்று காணாமல்போனது ஒரு கட்சி. சரியாகச் சொன்னால், கட்சியின் ஒரு கிளை.

காலை ஒன்பதேகாலுக்குத் தையல்காரம்மா போனில் அழைத்தார். எட்டு மாதம் வீடு வீடாக, வரப்பு வரப்பாக நடந்து அவர் சேர்த்த உறுப்பினர் படிவங்கள் பெட்டியோடு இருந்த இடத்தில், இப்போது பெட்டி மட்டும் இருந்தது. அந்தப் படிவங்களை இன்று மாலை ஐந்து மணிக்குள் மாவட்ட அலுவலகத்தில் கொடுத்தால் இந்த ஊருக்குத் தனிக் கிளை, தையல்காரம்மா அதன் செயலாளர். கொடுக்காவிட்டால் பக்கத்து ஊர்க் கிளையோடு சேர்த்துக் கணக்கை முடித்துவிடுவார்கள். பக்கத்து ஊர்க் கிளைக்குச் செயலாளர் மர ஆலைக்காரர்.

"சேர்த்தா என்னம்மா? ஒரே கட்சிதானே?" என்று மைக் கேட்டிருந்தான்.

"தம்பி, அவங்க கூட்டப் பட்டியல்ல எங்க ஊர் எப்பவும் கடைசியில 'இதர'ன்னு ஒண்ணு போடுவாங்களே, அதுலதான் வரும். 'இதர' வர்றதுக்குள்ள டீ வந்துடும். டீ குடிச்சுட்டு எல்லாரும் எந்திரிச்சுப் போயிடுவாங்க. ரெண்டு வருஷமா எங்க தெருக் குழாயில தண்ணி இல்லை. ரெண்டு வருஷமா நான் டீ குடிச்சுட்டு வர்றேன்."



கிளை அலுவலகம் என்பது சைக்கிள் கடையின் பின்பாதி. ஒரு மேசை, மூன்று நாற்காலி, சுவரில் தலைவர் படம், படத்துக்குப் பக்கத்தில் தொங்கும் பழைய டியூப் நான்கு. பூட்டு உடையவில்லை. பெட்டி காலி. பெட்டியின் துருப்பிடித்த மூடியில் வெள்ளையாக, பெரிய எழுத்தில் யாரோ எழுதியிருந்தார்கள்:

கொடியில் இருக்கு. மாலைக்குள் எடு.

"மிரட்டல்!" என்று சைக்கிள் கடைக்காரர் அப்போதே முடிவுகட்டிவிட்டார். கிளையின் துணைச் செயலாளரும் அவர்தான். முடிவுகட்டிய கையோடு ஏணியையும் எடுத்து வந்துவிட்டார். கொடிக் கயிறு கப்பியில் சிக்கி ஆறு மாதமாயிற்று என்பதால், யாராவது ஒருவர் ஏறித்தான் பார்க்க வேண்டியிருந்தது. அந்த யாராவது எப்போதும் மைக்தான்.

"இறங்கு" என்றார் முத்திரையம்மா.

மைக் இறங்கக் கால் வைத்தவன், அப்படியே நின்றான்.

"அண்ணே, உங்க கூரைக்குப் புதுசா தார்ப்பாய் போட்டிருக்கீங்களே, எப்போ?"

"என் கூரைக்கா? நான் எங்கே போட்டேன்? ஒழுகுதுன்னு நாலு நாளா அக்காகிட்ட நான்தான் புலம்பிக்கிட்டிருக்கேன்."

"நீலத் தார்ப்பாய். ஆபீஸ் பக்கம் முழுக்க மூடி, நாலு மூலையும் இழுத்துக் கட்டியிருக்கு. கீழே நின்னா தெரியாது. கட்சியில உயர்ந்தவங்களுக்கு மட்டும்தான் தெரியும்."

முத்திரையம்மா அலுவலகத்துக்குள் போனார். தரையில் ஓரிடத்தைக் காலால் காட்டினார். சுவரோரம் பெட்டியின் அளவுக்குச் சதுரமாகத் துருக்கறை, அதைச் சுற்றிலும் ஈரம். பெட்டியோ இரண்டு அடி தள்ளி, காய்ந்த இடத்தில், ஒரு பலகையின்மேல் இருந்தது.

"விடியற்காலை மழை பெய்ஞ்சிருக்கு. பெட்டி இருந்த இடத்துல தண்ணி. யாரோ பேப்பரை எடுத்திருக்கான், பெட்டியைத் தள்ளிப் பலகை மேல வெச்சிருக்கான், கூரை மேல ஏறித் தார்ப்பாய் கட்டியிருக்கான், பூட்டியும் விட்டிருக்கான்."

"ரொம்பப் பொறுப்பான திருடன் மேடம். நம்ம வீட்டுக்கும் ஒருதடவை அனுப்பிவைக்கச் சொல்லணும். குளியலறைக் கதவு சரியா சாத்த மாட்டேங்குது."

தையல்காரம்மாவுக்குச் சிரிப்பு வரவில்லை. நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்தார். விடியற்காலை ஐந்தரைக்கு, மழையோடு மழையாகக் குடை பிடித்துக் கிளம்பியவர். நேற்று மாலைதான் விதிப் புத்தகத்தில் அந்த வரியை அவர் சரியாகப் படித்தார். 'நூறு பேருக்கு மேல்' என்று இருந்தது. நூறு போதும் என்று எட்டு மாதமாக நினைத்திருந்தது தப்பு. நூற்றியொன்று வேண்டும். அந்த ஒருவரைப் பிடிக்கத்தான் வயல் தாண்டியிருக்கும் பத்து வீட்டுக்கு நடந்து போனார். கிடைக்காமல் நேராக அலுவலகத்துக்கு வந்தால், ஒன்றைத் தேடிப் போய் நூறும் போயிருந்தது.

"சாவி எத்தனை?" என்று முத்திரையம்மா கேட்டார்.

"ரெண்டு. ஒண்ணு இந்தச் சைக்கிள் கடைத் தம்பிகிட்ட. இன்னொண்ணு என் வீட்ல, தையல் மெஷினுக்குப் பக்கத்துல ஆணியில தொங்கும்."

"வீட்ல யார்?"

"யாரும் இல்லை. அவர் லாரி ஓட்டறவர். போய் இருபது நாளாச்சு. போகும்போது சண்டை. ஒரு கையெழுத்து கேட்டேன். 'என்னைத் தவிர ஊரையே சேர்த்துக்கோ'ன்னு சொல்லிட்டுக் கதவைச் சாத்திட்டுப் போனார். இருபது நாளா ஒரு போன் இல்லை. நானும் பண்ணலை." தையல்காரம்மா மூக்கை உறிஞ்சினார். "அவர் சொன்னபடியே அவரைத் தவிர ஊரையே சேர்த்தேன். ஊரையே சேர்த்தும் நூறுதான் வருது."

பேசிக்கொண்டே அவர் பார்வை சைக்கிள் கடைக்காரர் பக்கம் போய்த் திரும்பியது. ஒரு நொடிதான். ஆனால் கடைக்காரர் அதைப் பார்த்துவிட்டார்.

"அக்கா, அந்தப் பார்வைக்கு என்ன அர்த்தம்?"

"நான் யாரையும் ஒண்ணும் சொல்லலை."

"சொல்லிட்டாப் பரவாயில்லையே. கடையில பாதியைக் கொடுத்தவன் நான். பஞ்சர் ஒட்டற கையால எழுபது படிவம் நிரப்பியிருக்கேன். மரக்காரர் பத்துத் தடவை கூப்பிட்டுவிட்டார், ஒருநாள் போனது கிடையாது." பக்கத்தில் கிடந்த பம்பை எடுத்து, காற்று முழுக்க இருந்த ஒரு டயருக்கு ஆத்திரத்தோடு காற்றடிக்க ஆரம்பித்தார்.

மைக்குக்குப் பாவமாக இருந்தது. எட்டு மாதமாகச் சேர்ந்து நடந்த இரண்டு பேரை மூடியில் எழுதிய நான்கு சொல் இப்படிப் பிரித்துவிட்டதே என்று நிஜமாகவே கோபம் வந்தது. கோபம் வந்தால் அவனுக்கு மூளை கொஞ்சம் வேலை செய்யும்.

"மேடம்! கொடின்னா கட்சிக் கொடி மட்டுமா? செடிகொடி இல்லையா? மர ஆலை வேலி முழுக்கப் பூசணிக் கொடி! மரம் அறுக்கறவருக்கு ஒரு கிளையை வெட்டறது பெரிய வேலையா?"

முத்திரையம்மா "வா, போய்ப் பார்க்கலாம்" என்றார். தன் யோசனையை அவர் இவ்வளவு சீக்கிரம் ஏற்றுக்கொண்டதில்லை என்பதால் மைக்குக்குச் சந்தேகமாகவே இருந்தது.

மர ஆலையில் ரம்பம் சாப்பாட்டு நேரத்துக்கு நின்றிருந்தது. மரத்தூள் வாசனை தெருமுனைக்கே வந்தது. முத்திரையம்மா முன்வாசல் வழியாகப் போனார். மைக் பின்பக்க வேலிக்குப் போனான். இலைகளை விலக்கினான், தண்டுகளைத் தூக்கினான், தோள்வரைக்கும் கையை விட்டுத் துழாவினான். கனமாக, உருண்டையாக எதுவோ அகப்பட்டது.

"தம்பி, காய் வேணும்னா கேட்டு வாங்கலாமே" என்று ஒரு குரல் கேட்டது.

மர ஆலைக்காரர் நின்றிருந்தார். நல்ல உயரம், காதில் பென்சில். அவருக்குப் பின்னால், அவர் கொடுத்த நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு முத்திரையம்மா நிம்மதியாக உட்கார்ந்திருந்தார். மைக் பூசணியைக் கட்டிக்கொண்டு எழுந்தான். எழுந்த பிறகு அதைக் கீழே வைப்பது எப்படி என்று அவனுக்குத் தெரியவில்லை.

"வெச்சுக்கோங்க, வெச்சுக்கோங்க" என்றார் மர ஆலைக்காரர், தாராளமாக. "சாயங்காலத்துக்கு மேல எல்லாரும் ஒரே கிளை. நம்ம பூசணிதான்."

"பேப்பர் காணாமப்போச்சு, தெரியுமா?" என்று முத்திரையம்மா கேட்டார்.

"இப்போ நீங்க சொல்லித்தான் தெரியும். எனக்கு அது எதுக்குங்க? நான் திருடறதுக்கு அதுல என்ன இருக்கு? அந்தம்மாகிட்ட இருக்கறது நூறு. விதியில இருக்கறது நூறுக்கு மேல. நான் சும்மா உட்கார்ந்திருந்தாலே போதும்." சந்தோஷம் தாங்காமல் அவர் தொடையில் தட்டிக்கொண்டார். "காலையில எட்டு மணிக்குப் பெட்ரோல் பங்க்ல யாரோ ஒரு லாரிக்காரர், 'இங்கே புதுக் கிளை வருதாமே'ன்னு கேட்டார். அவர்கிட்டகூடச் சொன்னேன். நூறு வெச்சிருக்காங்க, நூத்தியொண்ணு வேணும், ஊர்ல இனிமே ஆளே பாக்கி இல்லைன்னு. பாவம், அந்த மனுஷர் முகம் ஒருமாதிரி ஆயிடுச்சு."

"லாரியில தார்ப்பாய் இருந்துச்சா?"

மர ஆலைக்காரர் விழித்தார். "இது என்ன கேள்வி? காலி லாரி. மழையில நனைஞ்சு போய் நின்னுச்சு. தார்ப்பாய் எதையும் நான் பார்க்கலை."

முத்திரையம்மா எழுந்து, நாற்காலியை இருந்த இடத்திலேயே திரும்ப வைத்தார். "ரொம்ப நன்றிங்க. நீங்க பண்ணின உதவி உங்களுக்கே தெரியாது."

தெருவுக்கு வந்ததும் மைக் பொறுக்கமாட்டாமல் கேட்டான். "அவர் என்ன மேடம் உதவி பண்ணினார்? பூசணியா?"

"ஒரு கடிதத்துல விலாசம் அழிஞ்சுட்டா நான் என்ன பண்ணுவேன்னு சொல்லியிருக்கேன்ல?"

"எழுதினது யாருன்னு பார்க்காதே, யாருக்கு எழுதினதுன்னு பாரு. நானூறு தடவை சொல்லியிருக்கீங்க."

"அப்போ பாரு. அந்த மூடியில 'எடுக்கவும்'னு இருக்கா? 'எடுங்க'ன்னு இருக்கா? 'எடு'ன்னு இருக்கு. ஊரே தையல்காரம்மாவை வாங்க போங்கன்னுதான் பேசுது."

"மிரட்டறவனுக்கு மரியாதை ஒரு கேடா?"

"மிரட்டறவன் எதையாவது கேட்பான். கொடுக்கலைன்னா இது நடக்கும்னு சொல்வான். இவன் எதுவும் கேட்கலை. இருக்கற இடத்தையும் சொல்லிட்டு, மாலைக்குள்ள எடுன்னு புத்தியும் சொல்றான். எந்தப் பொருளை மைக்கு, மாலைக்குள்ள எடுக்கச் சொல்வாங்க?"

மைக் பூசணியை இடுப்புக்கு மாற்றிக்கொண்டு யோசித்தான். ஒன்றும் வரவில்லை. அவன் துணிகளை அவனுடைய அம்மாதான் துவைக்கிறார்.

சைக்கிள் கடைக்கு அவர்கள் திரும்பியபோது மணி இரண்டரை. மாவட்ட அலுவலகத்துக்குப் போகும் கடைசிப் பேருந்து மூன்று மணிக்கு. தையல்காரம்மா மேசையின் ஒரு பக்கம், சைக்கிள் கடைக்காரர் மறுபக்கம்.

முத்திரையம்மா பெட்டியின் மூடியைத் தூக்கி மேசையில் வைத்தார். விரலால் ஓர் எழுத்தின் ஓரத்தைத் தொட்டார்.

"தம்பி, பஞ்சர் இடத்துல நீங்க எதால குறி போடுவீங்க?"

"மஞ்சப் பென்சில்."

"இது வெள்ளை. பள்ளிக்கூடத்துச் சாக்பீஸ்னா கோடு உருண்டையா, ஒரே தடிமனா விழும். இதுல பாருங்க, ஒரு பக்கம் இழுத்தா மெல்லிசு, இன்னொரு பக்கம் இழுத்தா பட்டை. தட்டைச் சாக்பீஸ். துணியில அளவு கோடு போடறது." தையல்காரம்மாவை நேராகப் பார்த்தார். "இது உங்க மேசையில இருந்து வந்ததும்மா. சாவியும் உங்க ஆணியில இருந்துதான் வந்திருக்கு."

தையல்காரம்மா எழுந்துவிட்டார். முகம் சிவந்துபோயிற்று.

"அப்போ நானே திருடினேன்னு சொல்றீங்களா? நூறு சேர்க்க எட்டு மாசம் செருப்புத் தேய நடந்தவ, என் பேப்பரை நானே திருடினேனா?"

"அக்காவைச் சொல்லாதீங்க!" என்று சைக்கிள் கடைக்காரர் பாய்ந்தார். அரை நாளாக முறைத்துக்கொண்டிருந்தவர், பம்பைக் கையில் தூக்கிக்கொண்டு அக்காவுக்கு முன்னால் வந்து நின்றார். "அக்கா மேல சந்தேகம்னா முதல்ல என் மேல வழக்குப் போடுங்க."

தையல்காரம்மா அவரைப் பார்த்தார். காலையில் தான் பார்த்த அந்த ஒரு நொடிப் பார்வையை நினைத்து அவருக்கு வெட்கமாகப் போயிற்று. "மன்னிச்சுக்கோப்பா" என்றார் மெதுவாக.

"அது கிடக்கட்டும் அக்கா. அவங்களை முதல்ல கவனிப்போம்."

முத்திரையம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "யாரும் யார் மேலயும் வழக்குப் போட வேண்டாம். ஒரே ஒரு கேள்வி. கட்சியில சேர்றதுக்கு முன்னாடி, உங்க வீட்ல கொடின்னா என்னம்மா?"

"கொடின்னா..." என்று ஆரம்பித்த தையல்காரம்மா, வாய் திறந்தபடியே நின்றார்.

"எட்டு மாசமா கொடி ஏத்தறது, கொடி கட்டறது, கொடி பிடிக்கறதுன்னே பேசிப் பேசி, கொல்லையில துணி காயப்போடற கொடியை மறந்துட்டீங்க. ஈரத் துணியைத்தாம்மா மாலைக்குள்ள எடுக்கச் சொல்வாங்க. பனி இறங்கிட்டா மறுபடியும் நனைஞ்சுடும்."

தையல்காரம்மா ஓட ஆரம்பித்தார். அவருக்குப் பின்னால் சைக்கிள் கடைக்காரர் பம்போடு ஓடினார். கடைசியில் மைக் பூசணியோடு ஓடினான்.

தையல்காரம்மாவின் வீட்டுக் கொல்லையில், சுவரிலிருந்து எதிர்த் தூண் வரைக்கும் நான்கு கொடிகள். நான்கிலும் கட்சி காய்ந்துகொண்டிருந்தது. ஒவ்வொரு படிவமும் ஒரு கிளிப்பில், ஒன்றையொன்று ஒட்டாமல், எழுத்துப் பக்கம் வெயில் படாமல் திருப்பிப் போட்டிருந்தது. கையெழுத்துகள், கைநாட்டுகள், ஒட்டிய புகைப்படங்கள், எல்லாம் காற்றில் மெல்ல ஆடின. ஓரத்தில் ஒரு முக்காலியில் இஸ்திரிப் பெட்டி. சுருண்டுபோன சில படிவங்களை யாரோ துணி போட்டுத் தேய்த்து நிமிர்த்தியும் இருந்தார்கள்.

நிழலில் போட்டிருந்த கட்டிலில், முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டு லாரி ஓட்டுநர் தூங்கிக்கொண்டிருந்தார். கட்டிலுக்கு அடியில் அவருடைய செருப்பு, செருப்பின்மேல் அலுவலகத்தின் இரண்டாவது சாவி.

"விடியற்காலை வந்திருக்கார்" என்று முத்திரையம்மா தாழ்ந்த குரலில் சொன்னார். "லாரியை ரோட்டு மேல விட்டுட்டு நடந்து வந்திருப்பார். கூரை ஒழுகறதைப் பார்த்திருப்பார். நீங்க வீட்ல இல்லாததால, ஆணியில இருந்த சாவியை எடுத்துட்டுப் போய்ப் பேப்பரைக் காப்பாத்தியிருக்கார். போன் பண்ணலாம்தான். ஆனா இருபது நாளா பண்ணாதவருக்கு, முதல்ல பண்றது கஷ்டம். அதான் மூடியில எழுதிட்டார்."

தையல்காரம்மா கொடிகளுக்கு நடுவில் நடந்து ஒவ்வொரு தாளாகத் தொட்டுப் பார்த்தார். முறுமுறுவென்று காய்ந்திருந்தன.

"எடுக்கலாம் அக்கா, பஸ்ஸுக்கு நேரமாச்சு" என்று சைக்கிள் கடைக்காரர் கிளிப்புகளைக் கழற்ற ஆரம்பித்துவிட்டு, பாதியில் நிறுத்தினார். "எடுத்து என்ன அக்கா பண்றது? நூறுதானே? இவங்க ரெண்டு பேரும் வெளியூர், சேர்க்கவும் முடியாது."

அதுவரைக்கும் எல்லோரும் மறந்திருந்தது அதைத்தான். தையல்காரம்மாவின் கை அப்படியே நின்றது. மரக்காரர் சொன்னது சரிதான். அவர் சும்மா உட்கார்ந்திருந்தாலே போதும்.

"நூத்தியொண்ணு" என்றான் மைக்.

"நூறுப்பா. நான் வாங்கினது எனக்குத் தெரியாதா?"

"நான் எண்ணினதும் எனக்குத் தெரியும்மா. ஒரு கொடிக்கு இருபத்தஞ்சு, நாலு கொடிக்கு நூறு. இதோ கடைசிக் கொடியில சட்டைக்குப் பக்கத்துல இன்னொண்ணு தொங்குது. இது நனையவே இல்லை. புதுசு."

ஈரச் சட்டை ஒன்றுக்குப் பக்கத்தில், அதே கிளிப்பில் பாதியைப் பங்குபோட்டுக்கொண்டு அந்தப் படிவம் தொங்கியது. தையல்காரம்மா அதைக் கழற்றினார். பெயர் அவருக்குத் தெரிந்த பெயர்தான். தொழில்: லாரி ஓட்டுநர். அதற்குக் கீழே, ஊரில் நூறு பேரும் 'மக்கள் சேவை' என்று ஒரே மாதிரி எழுதிவைத்திருந்த இடத்தில், கோணல்மாணலான எழுத்தில் வேறொன்று இருந்தது.

கட்சியில் சேர விரும்பும் காரணம்: செயலாளர் வீட்டில் இருப்பதே இல்லை. சேர்ந்தால் கூட்டத்திலாவது பார்க்கலாம்.

தையல்காரம்மாவுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. எதை முதலில் விடுவது என்று தெரியாமல் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். மைக் மரியாதையாக வேறு பக்கம் திரும்பி நின்று, பூசணியை உற்றுப் பார்த்தான்.

"மனு ஏத்துக்கிட்டாச்சா?" என்று துண்டுக்கு உள்ளேயிருந்து ஒரு குரல் வந்தது.

"பரிந்துரைக் கையெழுத்து இல்லாம மனு செல்லாது" என்றார் தையல்காரம்மா. குரலைக் கண்டிப்பாக வைத்துக்கொள்ளப் பார்த்தார், முடியவில்லை.

"செயலாளர் வந்தா வாங்கலாம்னுதான் காலையில இருந்து காத்திருக்கேன்."

"காத்திருக்கறவர் தூங்குவாரா?"

"விடிய விடிய வண்டி ஓட்டினவன் தூங்குவான்." துண்டு விலகியது. தாடி வளர்ந்த முகம், சிவந்த கண், ஓரத்தில் கள்ளச் சிரிப்பு. "வெயிலுக்கு எழுத்து வெளுத்துடும்னு ரெண்டு தடவை எந்திரிச்சுத் திருப்பியும் போட்டேன்."

மைக் குனிந்து முதுகைக் கொடுத்தான். தையல்காரம்மா அவனுடைய முதுகில் வைத்துக் கையெழுத்துப் போட்டார். அந்த நேரம் பார்த்துத் தெருமுனையில் பேருந்தின் ஹாரன் கேட்டது. கேட்டு, தேய்ந்து, இல்லாமல் போயிற்று.

"போச்சு!" என்று சைக்கிள் கடைக்காரர் தலையில் கைவைத்தார்.

லாரி ஓட்டுநர் செருப்பைத் தேடிக் காலை விட்டார். "புது உறுப்பினருக்கு முதல் வேலை கொடுக்க மாட்டீங்களா? வண்டி ரோட்லதான் நிக்குது. செயலாளர் முன்னால, மத்தவங்க பின்னால."

லாரி மர ஆலையைக் கடந்தபோது ஆலைக்காரர் வாசலில் நின்றிருந்தார். காலையில் பார்த்த வண்டியை அடையாளம் கண்டு நட்போடு கையசைத்தார். ஓட்டுநரும் பதிலுக்கு ஹாரன் அடித்தார்.

"அவரை உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்றார் தையல்காரம்மா.

"நூறு போதாதுன்னு எனக்குச் சொன்னதே அவர்தான். ரொம்ப நல்ல மனுஷர்."

பின்னால் நின்றிருந்த மைக்குக்கு வாய் அரித்தது. பழைய வழக்கத்தில் 'வாழ்க' என்று ஆரம்பித்துவிட்டான். யாரை என்று அவன் முடிவு செய்வதற்குள் முத்திரையம்மா அவன் காதைப் பிடித்துவிட்டார்.

நாலே முக்காலுக்கு மாவட்ட அலுவலகத்து எழுத்தர் நூற்றியொரு படிவங்களையும் ஒவ்வொன்றாகப் புரட்டினார். கடைசிப் படிவத்தில் நின்றார். காரணத்தை ஒருமுறை படித்தார், மறுமுறை படித்தார். நிமிர்ந்து பார்த்தார்.

"இது என்னம்மா காரணம்? கட்சிக் கொள்கையில இப்படி எதுவும் இல்லையே?"

"எங்க கிளைக் கொள்கைங்க" என்றார் தையல்காரம்மா.

எழுத்தர் முத்திரையைத் தூக்கிக் குத்தினார். அந்தச் சத்தத்தைக் கேட்டு முத்திரையம்மா கண்ணை மூடிக்கொண்டார். முப்பத்தியொரு வருடம் கேட்ட சத்தம் அது. கடிதம் போய்ச் சேர்ந்துவிட்டது.

வெளியே படிக்கட்டில் உட்கார்ந்து தையல்காரம்மா அப்போதே முதல் கூட்டத்துக்கான பட்டியலை எழுத ஆரம்பித்தார். முதலில் தெருக் குழாய். இரண்டாவது அலுவலகக் கூரை. மூன்றாவது கொடிக் கப்பி. சைக்கிள் கடைக்காரர் ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினார். லாரி ஓட்டுநர் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தார்.

"இதுல நான் எங்கே வர்றேன்?"

"'இதர'வில."

"அதுக்குள்ள டீ வந்துடுமே?"

"எங்க கிளையில," என்றார் செயலாளர், எழுதுவதை நிறுத்தாமல், "'இதர' முடிஞ்சாத்தான் டீ."